பகலில் எட்டு மணி நேரம் தூங்கியும் சீனி ஏன் ஏறுகிறது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பனி ஒன்றின் கணக்கு வேலையை நாலு வருடமாக இரவு ஒன்பதில் இருந்து காலை ஆறு வரை பார்க்கிறீர்கள். வயது 31. சிகரெட் இல்லை, குடி இல்லை, வீட்டுக்கு வந்து யன்னல் சீலையை இழுத்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்குகிறீர்கள். அப்படியிருந்தும் வெறும் வயிற்றுச் சீனி 118 என்று வந்திருக்கிறது. தூக்கத்தில் குறையே இல்லையே, பிறகு ஏன் என்பது முதல் கேள்வி. ஈரலுக்கு இரவு 1 முதல் 3 வரை, நுரையீரலுக்கு 3 முதல் 5 வரை என்று நேரம் போட்டுக் குடும்ப வட்சப் குழுவில் வந்த அட்டவணை உண்மையா என்பது இரண்டாவது. அப்பா காலையில் போடும் பிரஷர் குளிசையை இரவுக்கு மாற்றலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எவ்வளவு தூங்கினோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது போக, எத்தனை மணிக்கு என்பதும் உடம்புக்குக் கணக்கா?

கணக்குத்தான். நான் தூக்க நிபுணன் இல்லை, இருபது வருடத்துக்கு மேல் பொது மருத்துவ வாட்டில் நின்றவன், அதில் பாதி இரவு விழித்திருந்தே போனது. ஆகவே படித்ததும் பார்த்ததும் கலந்துதான் வரும்.

விளக்கத்துக்கு முன்னால் அந்த 118. வேலை முடிந்து வரும் வழியில் ஆறரைக்கு இரத்தம் கொடுத்ததாகவும், வழக்கமாக இரண்டரை மணி இடைவேளையில் கன்டீனில் கொத்து ரொட்டி சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்றும் சாப்பிட்டிருந்தால் வயிறு வெறுமையாக இருந்தது நாலு மணி நேரம்தான். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வேண்டும். இரத்தம் எடுக்கிறவர் "காலையில் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார், நீங்களும் உண்மையாகவே "இல்லை" என்று சொல்லியிருப்பீர்கள். இரவு வேலைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய விதமே வேறு. அதோடு இரவு முழுக்க விழித்திருந்த உடம்பில் சீனியும் பிரஷரும் கொஞ்சம் ஏறி நிற்பது வழமை. எனவே அந்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அதைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் வேண்டாம். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம். 5.7க்குக் கீழே என்றால் சாதாரணம், 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு, இடையில் இருப்பது எல்லைக்கோடு. இரத்தச்சோகையோ தலசீமியாவோ இருந்தால் அந்த எண் பிழையாக வரும், அதை மட்டும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி நேரக் கதைக்கு வருகிறேன். உடம்புக்குள் மணிக்கூடு இருக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1729இலேயே த மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடிந்தன. அந்த மணிக்கூடு எதனால் ஆனது என்று தெரிய மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. 1971இல் கொனொப்காவும் பென்சரும் பழ ஈக்களில் ஒரு மரபணுவைப் பிடித்தார்கள். அது பழுதானால் ஈயின் நாள் குறுகும், நீளும், அல்லது நாள் என்பதே இல்லாமல் போய்விடும். அந்த மரபணு எப்படி ஓடுகிறது என்று பிரித்துக் காட்டிய ஹோல், ரொஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. விசயம் கேட்க எளிது. மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது, புரதம் மெல்ல மெல்லச் சேர்கிறது, போதுமான அளவு சேர்ந்ததும் கலத்தின் கருவுக்குள் திரும்பிப் போய்த் தன்னைச் செய்யச் சொன்ன மரபணுவையே அடக்கிவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைய, அடக்கம் தளர, மறுபடி முதலில் இருந்து. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மனிதரில் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று ஹார்வர்டில் அளந்து 1999இல் வெளியிட்டார்கள். தினமும் பத்துப் பதினொரு நிமிடம் பிந்தும் மணிக்கூடு என்றால் தினமும் யாராவது அதைத் திருத்த வேண்டும், இல்லையா? அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது. விழித்திரையில் சில கலங்கள் இருக்கின்றன, அவற்றின் முக்கிய வேலை உருவத்தைப் பார்ப்பது அல்ல, வெளிச்சத்தை அளப்பது. அவை நீல ஒளிக்கு அதிகம் அசைபவை. அளந்த கணக்கை, இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே வெட்டும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சிறு கலக்கூட்டத்துக்கு அனுப்புகின்றன. அரிசி மணியை விடச் சிறியது, சுமார் 20,000 நரம்புக் கலங்கள். அதுதான் தலைமை மணிக்கூடு.

உங்கள் பிரச்சினை அந்தத் தலைமையில் மட்டும் இல்லை. ஈரல், சதையி, இதயம், சிறுநீரகம், கொழுப்பு, குடல் எல்லாவற்றிலும் கலத்துக்குக் கலம் அதே மணிக்கூடு ஓடுகிறது. எலியின் பன்னிரண்டு உறுப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், புரதம் செய்யும் மரபணுக்களில் 43 சதவீதமானவை ஏதாவது ஒரு உறுப்பில் நாளுக்கொரு தரம் ஏறி இறங்கின. ஏறி இறங்குபவை அதிகம் இருந்தது ஈரலில். ஆனால் ஈரல் நேரம் பார்ப்பது வெளிச்சத்தில் மட்டுமில்லை, சாப்பாட்டிலும்தான். எலி இரவில் சாப்பிடும் பிராணி. அதற்குப் பகலில் மட்டும் சாப்பாடு வைத்தால் ஒரு வாரத்துக்குள் ஈரலின் மணிக்கூடு தலைகீழாகிவிடுகிறது. மூளையில் இருக்கும் தலைமை மணிக்கூடு அசையாமல் பழைய நேரத்திலேயே நிற்கிறது.

இதை விளங்கப்படுத்த நம்முடைய நாட்டிலேயே உதாரணம் உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கிற வயது இல்லை. 1996இல் மின்வெட்டுக் காலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, சில மாதத்தில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. வன்னிக்கூடாகப் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டினால் கைமணிக்கூட்டில் அரை மணி மாற்ற வேண்டும். 2006 ஏப்ரலில் மறுபடி ஒன்றாகும் வரை "பழைய நேரமா புது நேரமா?" என்று கேட்காமல் யாரோடும் ஒரு சந்திப்பைக் குறிக்க முடியாது. நாடு ஓடத்தான் செய்தது, ஆனால் பஸ் தவறியவர்கள், வங்கிக் கதவு பூட்டிய பிறகு போய் நின்றவர்கள் எத்தனை பேர். உங்கள் உடம்பில் நடப்பது அதுதான், ஆனால் அரை மணி வித்தியாசம் இல்லை, ஏழெட்டு மணி. காலை ஆறரைக்கு வான் வண்டியில் வரும்போது கண்ணில் விழும் வெயில் தலைமை மணிக்கூட்டிடம் "விடிந்துவிட்டது" என்கிறது. இரண்டரை மணிக் கொத்து ஈரலிடம் "இதுதான் மதியம்" என்கிறது. சனி, ஞாயிறு வீட்டாரோடு பகலில் விழித்திருந்து இரண்டையும் மறுபடி குழப்புகிறீர்கள். வருடக்கணக்காக இரவு வேலை செய்பவர்களிலும் தலைமை மணிக்கூடு முழுதாக இரவுக்கு மாறியவர்கள் மிகச் சிலரே, நாலு வருடம் பழகிவிட்டது என்று நாம் நினைப்பது மனம் பழகியதைத்தான்.

சீனி எங்கே ஏறுகிறது என்றால், ஒரே சாப்பாட்டை ஒரே ஆள் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் சாப்பிட்டால் இரவில் சீனி கூடுதலாக ஏறும். ஆய்வுகூடத்தில் அளந்தபோது வித்தியாசம் 17 சதவீதம் வந்தது. இரவில் சுரக்கும் மெலற்றோனின் ஓமோன் இரத்தத்தில் நிற்கும் நேரத்தில் சதையி இன்சுலினைச் சுரக்கத் தயங்குகிறது என்பது ஒரு காரணம். இரவெல்லாம் சோறு வராது என்ற கணக்கில் அமைந்த உறுப்பு அது. 2009இல் வந்த ஒரு ஆய்வில் நல்ல உடல்நலம் உள்ள பத்துப் பேருக்கு நாளை 28 மணி நேரமாக நீட்டி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் உள்மணிக்கூட்டுக்கு எதிராகத் திருப்பினார்கள். திருப்பியபோது இன்சுலின் கூடியும் சீனி 6 சதவீதம் உயர்ந்தது, பசியை அடக்கும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது, பிரஷரும் கொஞ்சம் ஏறியது. நீரிழிவே இல்லாதவர்களில் மூன்று பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி எல்லைக்கோட்டு அளவுக்குப் போய்விட்டது, அதுவும் சில நாட்களில். 2021இல் வந்ததுதான் உங்களுக்கு உபயோகமானது. 19 பேரை இரவு வேலை போலவே விழிக்க வைத்தார்கள், ஒரு பகுதியினருக்கு இரவிலும் சாப்பாடு, மற்றவர்களுக்குப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சீனி 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, அதே விழிப்பு, அதே தூக்கம், சொல்லும்படியான ஏற்றம் இல்லை. 19 பேர், இரண்டு வாரம், எல்லோரும் இளம் வயது. அதை வைத்து நாலு வருடக் கதையைச் சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் பிடி எது என்று கேட்டால் நான் தூக்கத்தைக் காட்டமாட்டேன், அந்த இரண்டரை மணிக் கொத்தைத்தான் காட்டுவேன்.

அட்டவணைக்கு வருவோம். உறுப்புக்கு இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு உறுப்புக்குப் பிரித்த அந்தக் கணக்கு பழைய சீன வைத்திய மரபில் இருந்து வந்தது. "1 முதல் 3 வரை விழிப்பு வந்தால் ஈரலில் நஞ்சு" என்பதற்கு அளந்து பார்த்த ஆதாரம் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பெரும்பாலும் சிறுநீர்தான் காரணம், ஈரல் பாவம். உறுப்புகள் முறை வைத்து வேலை பார்ப்பதில்லை, எல்லாமே முழு நாளும் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கம்தான் வேறு வேறு நேரத்தில். இதில் நன்றாக உறுதியானவை சில உண்டு. இரவில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கு இதயத்திலும் சிறுநீரகத்திலும் ஆபத்து கூட. விழிக்கும் நேரத்தை ஒட்டிக் கோட்டிசோல் என்ற ஓமோன் உச்சத்துக்குப் போகிறது, எழுந்ததும் பிரஷர் ஏறுகிறது, இரத்தத் தட்டுகள் ஒட்டும் தன்மை கூடுகிறது. மாரடைப்பு காலை ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் கூடுதலாக வருவதை 1985இல் அமெரிக்காவில் எண்ணிக் காட்டினார்கள், இரவு பதினொன்றோடு ஒப்பிட்டால் காலை ஒன்பதுக்கு மூன்று மடங்கு. பாரிசவாதமும் காலையில்தான் அதிகம். வாதமுள்ளவர்களின் மூட்டு விடியலில் இறுகிக் கிடப்பதற்கும், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் வைகறையில் கூடுவதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் அட்டவணை தற்செயலாகச் சரியான நேரத்தில் போய் விழுந்திருக்கிறது. முட்டு வருத்தக்காரரின் (ஆஸ்துமா) மூச்சு மிக மோசமாவது அதிகாலை நாலை ஒட்டித்தான். இரவு டியூட்டியில் மூன்றரை, நாலுக்கு தாதி மிஸ்ஸி வந்து கதவைத் தட்டினால் நான் சட்டையைப் போடும்போதே நெபுலைசரை ஆயத்தம் பண்ணச் சொல்லிவிடுவேன், பாதிக்கு மேல் என் ஊகம் சரியாகவே இருக்கும். படுத்துக் கிடப்பதாலும் தூசியாலும் வருகிறது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிறகு தூக்கத்தையும் படுக்கையையும் விலக்கி அளந்தபோதும் அதே நேரத்தில் மூச்சு இறங்கியது, அதாவது உள்மணிக்கூடும் அதில் பங்காளி.

அப்பாவின் குளிசைதான் இந்தத் துறையில் நல்ல பாடம். 2019இல் ஸ்பெயினில் இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது, 19,084 பேர், படுக்கும் நேரத்தில் பிரஷர் குளிசை போட்டவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 45 சதவீதம் குறைவு என்றார்கள். உங்களுக்கு வந்த செய்தியின் மூலம் அதுவாகத்தான் இருக்கும். நானும் அதை நம்பிச் சிலருக்கு மாற்றிக் கொடுத்தவன். ஆனால் நேரத்தை மாற்றினால் மட்டும் இவ்வளவு பெரிய பலனா என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல் பிரித்தானியாவில் 21,104 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்த ஆய்வு வந்தது. மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வந்தது மாலையில் போட்டவர்களில் 3.4 சதவீதம், காலையில் போட்டவர்களில் 3.7, அதாவது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இப்போது நான் சொல்வது, எந்த நேரத்தில் மறக்காமல் போடுவாரோ அதுதான் அப்பாவின் நேரம். நீர் போகும் குளிசை மட்டும் இரவில் வேண்டாம், கழிப்பறைக்கு எழும்பி வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததை நிறையப் பார்த்துவிட்டேன். நேரம் உண்மையில் பொருந்துகிற மருந்துகளும் உண்டு. ஈரல் கொழுப்பை அதிகம் செய்வது இரவில், சிம்வஸ்டற்றின் என்ற கொழுப்புக் குளிசை உடம்பில் நீண்ட நேரம் நிற்காது, ஆகவே அது இரவில். அற்றோவஸ்டற்றின் நாள் முழுக்க நிற்கும், எப்போதும் போடலாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையைக் காலையில் கொடுப்பது உடம்பின் சொந்தக் கோட்டிசோலோடு ஒத்துப்போகத்தான்.

புற்றுநோயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் கண்ணில் படும், அதனால் ஒரு வார்த்தை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இரவு வேலையை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் 2007இல் வைத்தது, 2019இலும் அதே இடத்தில் விட்டது. மாட்டிறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த வகை சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது. அதை நினைத்து இன்றே வேலையை விட வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன், ஏழு ஏழரைக்குள் வீட்டில் சாப்பிடுவேன், சோறு, மரக்கறி, மீன், எதுவானாலும். பிறகு விடியும்வரை தண்ணீர், சீனி போடாத பிளேன்டீ, அதுவும் இரண்டு மணிக்கு மேல் இல்லை, இல்லாவிட்டால் காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். பசி தாங்காவிட்டால் கொஞ்சம் கடலையோ ஒரு முட்டையோ போதும், ரோல்ஸும் கொத்தும் அந்த நேரத்து உணவு இல்லை. வீட்டுக்கு வந்து அளவாக ஒரு காலைச் சாப்பாடு, பிறகு படுக்கை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ தொடங்கியிருந்தால் இப்படிச் செய்வதற்கு முன் வைத்தியரிடம் கேட்காமல் தொட வேண்டாம், சீனி இறங்கி மயங்கினால் அது வேறு வில்லங்கம்.

வான் வண்டியில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டால் காலை வெயில் தலைமை மணிக்கூட்டைத் தட்டுவது குறையும். நீங்களே மோட்டார் சைக்கிளில் வருவதாக இருந்தால் மட்டும் போடாதீர்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, ஒரு நாள் இரவு டியூட்டி முடிந்து பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றவன், பின்னால் நின்ற ஓட்டோக்காரர் இறங்கி வந்து தோளில் தட்டித்தான் கண் திறந்தேன். விளக்கு எத்தனை தடவை மாறியதோ. விடுமுறை நாளில் முழுப் பகலும் விழித்திருந்து இரவு பத்துக்குப் படுக்கச் சொல்லி வீடு கேட்கும், கல்யாணம், கோயில் என்று காரணமும் இருக்கும், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். முடிந்த நாட்களில் அதிகாலை மூன்று மணிக்குப் படுத்துக் காலை பதினொன்றுக்கு எழும்புங்கள், இரண்டு பக்கத்துக்கும் பாதி வழி.

எச்பிஏ1சி வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்பாவின் குளிசையை மட்டும் இன்றிரவு இடம் மாற்றிவிடாதீர்கள், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியைக் கொண்டுபோய் எது நீர் போகும் குளிசை என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.